மாதுளை மரம் முகம் திருப்பியது

லான்பிங் பிறந்தது ஜனவரிக் கடைசியில், சீனப் புத்தாண்டுக்குப் பதினேழு நாள் முன்னால். அந்தக் கணக்கில் அவள் ஆடு ஆண்டுக்காரி. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு ஸ்வரம், அதாவது ஒரு பூதம், உண்டு; அந்த ஆண்டின் ஸ்வரம் நெருப்பு. வரன் கென்ஷானுக்கோ ஓடை நீர். தண்ணீரும் நெருப்பும் ஒரு வீட்டில் தங்காது என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிடுவார்கள். அடையாள அட்டையிலிருந்த ஜனவரித் தேதியைக் காட்டி, ஜனவரியிலேயே அடுத்த ஆண்டு பிறந்துவிட்டதுபோல, "எங்க பொண்ணு குரங்கு ஆண்டு, மாதுளை மரம்" என்று சொல்லிவிட்டாள் அம்மா. தண்ணீர் மரத்தை வளர்க்கும். கல்யாணம் நடந்தது.

மூன்றாம் மாதமே கணவனிடம் உண்மையைச் சொல்லி ஓவென்று அழுதாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அதானே பார்த்தேன்! மரம் எங்கயாச்சும் இப்படிக் கத்துமா? எங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

பதினேழு வருஷம் விடவில்லை. செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவினாள், மகளைப் பெற்றாள், மாமியாருக்குக் கஞ்சி வைத்தாள்.

போன வாரம் கட்டட வேலையில் சாரம் சரிந்து கென்ஷான் விழுந்தான். உடம்பு வீட்டுக்கு வந்தது. சவப்பெட்டியை மூடும் முன் ஜோசியர் தெங் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"இன்னைக்கு உலோக ஸ்வரம். உலோகம் மரத்தை வெட்டும். மர ஆண்டுல பிறந்தவங்க எல்லாரும் சுவரைப் பார்த்து நில்லுங்க. ஆணி அடிச்சு முடிக்கிற வரைக்கும் திரும்பக் கூடாது."

"லான்பிங், உன்னத்தான். திரும்பு" என்றாள் மாமியார்.

கடைசியாக ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடது புருவத்துத் தழும்பு. 'நான் மரம் இல்ல அத்தை' என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், பார்த்துவிடலாம். பிறகு? என் மகனுடைய ஓடையை வற்ற வைத்தவள் நீதானா என்று கேட்பாள். மகளோடு இந்தக் கூரையின் கீழேதான் இருந்தாக வேண்டும்.

திரும்பினாள்.

சுவரில் ஈரம் பூத்திருந்தது. ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தாள். முதல் ஆணி. இரண்டாவது. நெஞ்சில் எதுவும் வரவில்லை. பசை காய்ந்த விரல் நுனிபோல எல்லாம் மரத்திருந்தது. எறும்பு பாதி வழியில் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி குசுகுசுத்தாள்: "புருஷன் போயிட்டான், ஒரு சத்தம் போட்டு அழுறாளா பாரு."

"அவளை விடு" என்றாள் மாமியார், மூக்கைச் சிந்தியபடி. "மாதுளை மரம்தானே. மரம் எங்க கத்தும்?"

கடைசி ஆணி இறங்கியது. "இப்பத் திரும்பலாம்" என்றார் தெங்.

லான்பிங் திரும்பவில்லை.