கர்க்கடக சுத்தமும் ஒரு பயாஸ் அப்டேட்டும்

"தாணு அண்ணா, பழம் வருது, கோடு பாதிவரை போவுது, பின்ன அனங்க மாட்டேங்குது."

பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து பிரபா போன் செய்தபோது, பாறசாலைக் கடையில் நான் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கள் வீட்டில் முந்தைய தலைமுறை முழுவதும் சர்க்கார் குமாஸ்தாக்கள். என் கைக்கு வந்தது ஸ்க்ரூடிரைவர். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்குத்தான் உண்டு.

பிரபா கல்யாண வீடியோ எடிட் செய்பவள். கணவன் கேமராக்காரன். முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியபின் அவனால் கேமரா தூக்க முடியவில்லை, வீடு அவள் எடிட்டிங்கில்தான் ஓடியது. திருவனந்தபுரத்து ஸ்டுடியோ ஒன்று அவளுக்கு வேலை கொடுத்தது. ஆனால் அவர்களுடைய புராஜெக்ட் ஃபைல் மேக்கில் மட்டுமே திறக்கும். அசல் மேக் வாங்கும் விலையில் இல்லை. அதனால் சாதாரண பிசியில் மேக் ஓடும்படி நான் செய்து கொடுத்தேன். பழம் என்று அவள் சொன்னது மேக் திறக்கும்போது வரும் ஆப்பிள் சின்னம், கோடு அதன் கீழே நிரம்பி ஓடுவது. இது கம்பெனி ஒப்புக்கொள்ளாத வேலை, யாரும் வாரண்டி தரமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். அவளிடமும் சொன்னேன்.

எந்த போர்டு

எல்லாரும் முதலில் ப்ராசஸரைத்தான் கேட்பார்கள். இந்த வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டு. ஆடியோ சிப் எது, லேன் சிப் எது, கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் பயாஸ் புரோகிராமில் எந்த ஆப்ஷன் திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேக்கை ஏறவிடாத சிஎஃப்ஜி லாக் என்று ஒன்று உண்டு. அதை அணைக்கும் வசதி பயாஸில் இருந்தால் பாதி தலைவலி தீர்ந்தது. ஒரே மாடலில்கூட ரிவிஷன் மாறினால் உள்ளே சிப் மாறியிருக்கும். விற்பவரிடம் போய் நல்ல போர்டு காட்டுங்கள் என்றால் கலர் கலராக விளக்கு எரியும் போர்டைக் காட்டுவார்.

நான் பல போர்டுகளில் அடிபட்டு, கடைசியில் ஒரு மாடலைப் பிடித்தேன். முதலில் காரக்கோணத்து வில்சனுக்குப் போட்டேன். அவனும் எடிட்டர், அதே ஸ்டுடியோவுக்கு வேலை செய்தவன். அதே போர்டைப் பிறகு பிரபாவுக்கும் போட்டேன். அவள் வேலை சுத்தமாக இருந்ததால் ஸ்டுடியோ மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. ஒருநாள் வில்சன் கடைக்கு வந்தான்.

"எனக்குப் போட்ட போர்டையே அவளுக்கும் போட்டுக் குடுத்திருக்கீங்க. இப்ப எனக்க வேலை அங்க போவுது. நல்லாருக்கு அண்ணா உங்க நியாயம்."

அதற்குப்பிறகு அவன் என் கடைப் பக்கம் வரவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சுத்தம்

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், எங்கள் பக்கம் கல்யாணம் குறைவு. வீட்டில் மருந்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸ் துடைப்பார்கள், பேட்டரி மாற்றுவார்கள், கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதுவார்கள். சிங்ஙம், அதாவது ஆவணி, பிறந்து கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் எதற்கும் நேரம் இருக்காது.

பிரபாவும் எல்லாம் துடைத்திருக்கிறாள். கடைசியாக, அதே மிஷினில் மேக்கோடு கூடவே இருந்த விண்டோஸ் பக்கத்தில் புது பயாஸ் வந்திருக்கிறது என்று ஒரு அறிவிப்பு வர, அதையும் போட்டுவிட்டாள்.

"வண்டிக்கு ஆயில் மாத்துறது போலதானேண்ணு நெனச்சேன் அண்ணா."

மேக் பக்கத்தைத் திறந்தது சிங்ஙத்தின் முதல் கல்யாணம் கைக்கு வந்தபோதுதான். புது பயாஸில் அந்த லாக்கை அணைக்கும் ஆப்ஷனையே காணோம். மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் விதமும் மாறியிருந்தது. சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை, ஆனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க நாள்கள் ஆகும். ஸ்டுடியோக்காரர் போனில் சொல்லிவிட்டார்: "நாளெ ராவிலே ஃபைல் தந்நில்லெங்கில் இனி எல்லாம் வில்சனு கொடுக்கும், கேட்டோ." நாளைக் காலைக்குள் வரவில்லையென்றால் இந்தக் கல்யாணம் மட்டுமல்ல, சீசனே போய்விடும்.

பழைய பயாஸைத் திரும்பப் போட்டால் போதும். கம்பெனி சைட்டில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். என் கடை ஹார்டு டிஸ்க் போன மழையின் இடியில் செத்துப்போயிருந்தது. மீதி இருந்தது, ஒவ்வொரு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ளும், வேலை செய்யும் பயாஸைப் பதிந்து, நான் டேப் போட்டு ஒட்டிக் கொடுக்கும் பென்டிரைவ்.

"அது எங்க மக்கா?"

"அதா? தூசி தட்டும்போ கெடச்சுது. சும்மாதானே கெடக்குண்ணு ஒரு ஞானஸ்நான வீடியோவ அதுல போட்டுக் குடுத்துட்டேன்."

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பக்கத்து அறையில் படுத்திருந்த கணவன் குரல் கொடுத்தான். "வில்சனுக்க மிஷினும் இதுதானே?"

"அவரிட்ட எந்த மொகத்த வெச்சிட்டுக் கேக்க?" என்றாள் பிரபா. "நான் முடிக்காட்டி அவருக்காக்கும் வேலை."

நான் கேட்டேன். வில்சனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"பிரபாக்க மிஷினா?"

"ஆமா."

"செரி, வைங்க."

போனை வைத்துவிட்டான். பிரபா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். நான் பயாஸ் மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். எதுவும் பலிக்கவில்லை.

மதியம் தாண்டி, மழையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வில்சன். சட்டைப்பையில் பாலிதீன் கவரில் சுற்றிய பென்டிரைவ், நான் ஒட்டிய டேப்பின் துண்டு அதில் அப்படியே இருந்தது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் சாக்கு போட்டு மூடிய ஒரு யுபிஎஸ்.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"காரோட்டில மழைன்னா கரண்டு நிக்குமா? பாதியில போச்சுன்னா போர்டே செத்துப்போவும்லா. பிரபாக்க யுபிஎஸ் பழசாக்கும், எனக்குத் தெரியும்."

பயாஸ் ஏறி முடியும்வரை மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் கரண்ட் போகத்தான் செய்தது. யுபிஎஸ் கீகீ என்று கத்தியது, திரை அணையவில்லை. பிறகு பழைய ஆப்ஷன்களை வரிசையாக வைத்தேன். பழம் வந்தது. கோடு பாதியைத் தாண்டி முழுவதும் ஓடியது. பிரபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கம் இல்லை.

வில்சன் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. யுபிஎஸ் சீசன் முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினான். நானும் கூடவே வாசல்வரை போனேன்.

"ஸ்டுடியோக்காரரு உன்னை போன்ல விளிக்கலியா?"

"விளிச்சாரு. இன்னைக்குக் காலத்தேயே விளிச்சாரு."

"என்ன சொன்ன?"

"எனக்க மிஷினும் கேடாக்கும்ணு சொன்னேன்."

இப்போதும் பிள்ளைகள் வந்து எந்த போர்டு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். சிப், ரிவிஷன், பயாஸ் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசியில் ஒன்று சொல்வேன். பக்கத்தில் யாரிடம் அதே போர்டு இருக்கிறது என்று விசாரித்து வாங்கு. வாங்கியபின் அவரோடு பேச்சை விட்டுவிடாதே.