எஸ்தர் மிஸ்ஸுக்கு விடுமுறை வேண்டாம்

திங்கட்கிழமை காலை பால் காய்ந்துகொண்டிருந்தபோது கல்லூரி பியூன் ஷிண்டே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "எஸ்தர் மேடம் ஆஃப் ஹோ கயீ, சார்" என்றார். பம்பாயில் விளக்கு அணைந்தாலும் ஆஃப், ஆள் போனாலும் ஆஃப். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாராம், எழுந்திருக்கவில்லை. ஷிண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு செய்தியும் சொன்னார். துக்கத்துக்காகக் கல்லூரி முதல்வர் வாரம் முழுக்க விடுமுறை விட்டுவிட்டார். மிஸ் ஏற்பாடு செய்து இந்த வாரம் நடக்கவேண்டிய கலைவாரத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிட்டார். அழ வேண்டிய எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மிஸ்ஸோடு ஒரு முறையாவது சண்டை போட்டவர்கள். உங்களுக்குப் புரியும்.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கல்லூரி. பகலில் மில்லிலும் ஆபீஸிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாலையில் படிக்க வருவார்கள். எஸ்தர் மிஸ் சரித்திரம் நடத்தினார், நான் பௌதிகம். அவர் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியிருந்தவர். நான் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரன், சத்தம் போட்டுத் தும்மக்கூட யோசிக்கிற ஜாதி. எங்களுக்குள் எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்காதீர்கள். ஒத்துப்போகவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தோம்.

இரங்கல் விடுமுறை என்றாலே அவருக்கு ஆகாது. கல்லூரியைத் தொடங்கிய பெரியவர் இறந்த அன்று மணியடித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு யார் போனார்கள்? பாதிக் கல்லூரி சினிமாக் கொட்டகை வரிசையில் நின்றது, இரண்டு வாத்தியார்கள் உட்பட. மிஸ் மட்டும், காட்கோபரிலிருந்து ரயிலேறி வந்துவிட்ட நாலைந்து பேரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். முதல்வர் வகுப்பு வாசலில் நின்று, இது இறந்தவருக்குச் செய்கிற அவமரியாதை என்றார். மிஸ் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "காலேஜைத் தொறந்தவரு செத்ததுக்குக் காலேஜைப் பூட்டினா, அவருக்கு அதுல என்ன சார் மரியாதை?" என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

அவர் நிகழ்ச்சி நடத்துகிற விதமே தலைகீழ். ஊரில் எல்லாரும் ஹால் பிடித்து, பேச ஆள் பிடித்து, அனுமதி வாங்கிக் கடைசியில் அறிவிப்பார்கள். மிஸ் முதலில் படியடியில் இருக்கும் கரும்பலகையில் எழுதிவிடுவார், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு நாள் படியேறும்போது, வெள்ளிக்கிழமை நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுபவர் வைத்தியநாதன் என்று என் பெயரைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்க் கத்தினேன். "கேட்டா மாட்டேம்பிய. எழுதிப்புட்டா மானத்துக்குப் பயந்தாவது பேசிருவிய" என்றார். பேசினேன். தாராவித் தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்ப்பிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்திருந்த பெண்கள் முன்னால். அதற்குப் பிறகு என் பேச்சை நிறுத்த முடியாமல் போனது நீங்கள் எல்லாரும் அனுபவித்த கொடுமை.

தென்னிந்தியர்களே வெளியேறுங்கள் என்று தெருவில் கத்தி, கடைப் பலகைகள்மேல் கல்லெறிந்த நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருஷம் கலைவாரத்தில் தமிழ் நாடகமே வேண்டாம் என்றார் முதல்வர். தெருவைப் பார்த்த அந்தக் கரும்பலகையில் தமிழெழுத்தையாவது அழித்துவிடச் சொன்னார். நான்கூட, கொஞ்சம் பொறுத்துப் போகலாமே என்றேன். மிஸ் அழிக்கவில்லை. ஷிண்டேயைக் கூப்பிட்டு, தமிழுக்குக் கீழேயே மராத்தியில் எல்லாரும் வரலாம் என்று எழுதச் சொன்னார். வந்தார்கள். நாடகத்தன்று அந்தக் கோஷக் கும்பலில் ஏழெட்டு வாலிபர்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மிஸ் நேராகப் போய், உட்காருங்கள் உட்காருங்கள் என்று மராத்தியில் சொல்லி முன்வரிசையில் இடம் கொடுத்தார். இரண்டாம் காட்சி முழுக்க ஒரே விசில். ஜன்னல் கண்ணாடி ஒன்றும் போயிற்று. ஆனாலும் அவர்களில் பாதிப் பேர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. "விசிலடிச்சாலும் உக்காந்து பாத்துட்டுத்தான சார் அடிக்கான்" என்றார் மிஸ். மறுநாள் அவருக்கு மெமோ வந்தது.

இந்த வருஷ நாடகத்தில் கதாநாயகி புஷ்பம். லேபர் கேம்ப் பெண். பகலில் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறாள். அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மேடையேற ஆசைப்பட்டவளை அவள் அப்பா விடவேயில்லை. மிஸ் அவர் வீட்டுக்குப் போய், டீ வாங்கிக் குடித்து, வாதாடி, இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சம்மதம் வாங்கியிருந்தார். அடுத்த பருவம் என்று முதல்வர் சுலபமாகச் சொல்லிவிட்டார். புஷ்பத்துக்கு அடுத்த பருவம் என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது.

திங்கட்கிழமை மாலையே கல்லறையில் மண் போட்டோம். வெட்கமில்லாமல் அழுதேன். கூட்டம் கலையும்போது புஷ்பம் வீங்கிய கண்ணோடு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "சார், இன்னைக்கு ரிகர்சல் உண்டா?"

உண்டு என்றேன்.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போய், நாடகத்தை இந்த வாரமே நடத்தவேண்டும் என்றேன். துக்கம் என்றார், மரியாதை என்றார், ஊர் என்ன பேசும் என்றார். மிஸ் உயிரோடிருந்தவரை அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்தீர்கள், செத்த பிறகாவது ஜெயிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் அந்த அறையில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் ஹாலைப் பூட்டிச் சாவியை டிராயரில் போட்டுக்கொண்டார். எனக்கும் மெமோ வரும். வரட்டும்.

மிஸ்ஸின் பைபிள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. புத்தகங்களை நூலகம் எடுத்துக்கொண்டது. அவர் பாதியில் விட்டுப்போன இந்தச் சண்டையை நான் வைத்துக்கொள்கிறேன். வேறு யாரும் கேட்கவும் இல்லை. சனிக்கிழமை மாலை அச்சகத்தின் பின்முற்றத்தில் நாடகம், அச்சகக்காரர் சம்மதித்துவிட்டார். மௌன அஞ்சலி கிடையாது. வாயை மூடிக்கொண்டு நிற்பவர்களை மிஸ்ஸுக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. உட்கார பெஞ்சுகள் லேபர் கேம்ப்பிலிருந்து வருகின்றன. முதல் பெஞ்சைத் தூக்கி வருகிறவர் புஷ்பத்தின் அப்பா.