குளியலறைக் குழாயும் பொன்மணியின் பெர்மியும்

அடுத்தவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற தொழிலில் ஒரு நியாயம் உண்டு: காரியம் பலித்தால் அது அவருடைய ராசி, பலிக்காவிட்டால் அது உங்களுடைய பிரெஞ்சு. ஃபோர்ம் நிரப்பிக் கொடுத்து நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்ட என் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுவிஸில், லொசானுக்குப் பக்கத்து ரெனானில் யோகனின் பலசரக்குக் கடையில், மீன் பெட்டிக்குப் பக்கத்து மேசைதான் நான் கடிதம் எழுதிக் கொடுக்கிற கந்தோர். உணவகச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் நின்று ஓய்வு பெற்ற பிறகு அங்கே உட்கார்ந்தேன். நான் எழுதிய கடிதம் ஒன்றைப் படித்து வரி அலுவலகத்தில் ஒருவர் அழுது, எழுத்தெல்லாம் கரைந்துபோய், இன்னொரு பிரதி கேட்டு அனுப்பினார்கள். நம்பாதவர்கள் இதைத் தாண்டிக் கீழே வாசிக்கலாம்.

நற்சாட்சிப் பத்திரம்

பொன்மணி திருநெல்வேலிப் பிள்ளை. லொசானில் முனைவர் பட்டம் முடித்தவள். முடித்த பிறகு வேலை தேடக் கிடைத்த ஆறு மாதத்தில் மூன்று போய்விட்டது. ஒரு நீர் ஆய்வகம் அவளை எடுக்கத் தயார். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவளுக்கு பெர்மி, அதாவது இங்கே தங்கி வேலை செய்ய அனுமதி அட்டை, கிடைக்க வேண்டுமென்றால் அவளுடைய ஆராய்ச்சியால் சனங்களுக்கு என்ன பயன் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஆங்கிலம் கதைத்ததால், ஐந்து வருடத்தில் அவள் பிடித்த பிரெஞ்சு, பேக்கரியில் பாண் வாங்க மட்டும் போதும்.

முதலில் ஊர்ப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதத்தை மொழிபெயர்க்கத் தந்தாள். நல்ல குடும்பம், அடக்கம், நேரம் தவறாமை, ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆராய்ச்சி என்ற சொல்லே இல்லை. "இது மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதினதோ பிள்ளை?" என்று கேட்டேன். அவளுக்கு மனம் நொந்துவிட்டது.

"அங்கிள், எனக்கு இவ்வளவு எழுதினதே பெரிய விஷயம். மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு வரிதான்."

என் முதல் பிரதி

ஆய்வகம் அவளிடம் ஒரு பக்கம் கேட்டிருந்தது, சாதாரண ஆளுக்கும் விளங்குகிற மாதிரி. அவள் எழுதி வந்ததோ, "பேராசிரியரின் வழிகாட்டலில், குழுவினர் ஒத்துழைப்போடு, தண்ணீரைச் சோதிக்க ஒரு சிறு முயற்சி." குடைந்து குடைந்து கேட்டதில்தான் விஷயம் வந்தது. சுடுதண்ணீர்க் குழாய்களில் ஒரு கிருமி வளரும். குளிக்கும்போது தூவானத்தோடு நெஞ்சுக்குள் போய், வயசானவர்களை நுரையீரல் காய்ச்சலில் படுக்கப்போடும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் பிடிக்கும். இவள் செய்த காகிதப் பட்டி அரை மணித்தியாலத்துக்குள் சொல்லிவிடும். தனி ஆளாகச் செய்ததுதான்.

விடுவேனா? இவளை அனுப்பினால் முதியோர் இல்லங்கள் காலியாகும், ஜெனீவா ஏரி நாறும், மாடுகள் பால் சுரக்காது என்று ஒரு பக்கம் எழுதினேன். அவள் அதைத் தொலைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தாள். பிறகு பேனையை வாங்கி, மாட்டில் தொடங்கி மேலே வரைக்கும் வெட்டினாள்.

"இதுல ஒரு வரி பொய்னாலும் என் பட்டியையும் பொய்னுதானே நினைப்பாங்க அங்கிள்?"

இரண்டாவது கோடு

நேரில் பார்த்தால்தான் ஒழுங்காக எழுதுவேன் என்று அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தாள். குசினிக் குழாயில் ஒரு போத்தல், குளியலறையில் ஒரு போத்தல். பட்டிகளை மேசையில் வைத்துவிட்டு வடை சாப்பிட்டோம். குசினிப் பட்டியில் ஒரு கோடு. குளியலறைப் பட்டியில் இரண்டு; இரண்டு விழுந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். பொன்மணி வடையைக் கீழே வைத்தாள். "லேப்ல உறுதிப்படுத்தணும். அதுவரை ரெண்டு பேரும் ஷவர்ல குளிக்காதீங்க," என்றாள்.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், பாம்பு செத்து மிதந்த கிணற்றில் குடித்து வளர்ந்த உடம்பு இது என்றேன். என் மனைவி சரோ அவள் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை, இவரின்ர வாயைச் சோதிக்கவும் ஒரு பட்டி செய்யேலாதோ?"

காட்டுப்பன்றி

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் அன்டோனியோ, போர்த்துக்கீசர். ஓடிப்போய்ச் சொன்னேன்: நாற்பது வீடு இருக்கிறது, மூன்றாம் மாடி மதாமுக்குத் தொண்ணூறு வயது, உடனே நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். அவர் துடைப்பத்தில் சாய்ந்து நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மிசியே, போன மாதம் லிஃப்டில் காட்டுப்பன்றி ஏறியது என்று சொன்னதும் நீங்கள்தானே?"

சாட்சிக் கையெழுத்து

பொன்மணியே போய்ப் பட்டியைக் காட்டியபோது அன்டோனியோ மறு பேச்சில்லாமல் நிர்வாகத்துக்கு அறிவித்தார். பத்து நாளில் ஆய்வகத்து முடிவும் அதையே சொன்னது. எரிபொருளை மிச்சம் பிடிக்க, நிலவறைக் கொதிகலனின் சூட்டை யாரோ குறைத்து வைத்திருந்தார்கள். சூட்டை ஏற்றினார்கள், குழாய்களைக் கழுவினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூறு வயது மதாம் படியில் என்னைக் கண்டு கையாட்டிய அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பிறகு ஆய்வகம் கேட்ட அந்தப் பக்கத்தை, என் வீட்டில் நடந்ததாகவே எழுதினேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. இந்தத் திகதியில் இப்படி ஒரு கோடு விழுந்தது. அது விழாவிட்டால் மறுநாளும் அந்தத் தண்ணீரில்தான் குளித்திருப்பேன். அவ்வளவுதான். பொய் எழுதியிருந்தால் அரை மணித்தியாலம். இதற்கு இரண்டு நாள் பிடித்தது. அன்டோனியோவிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். அவர் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தார்.

"இந்த மனிதர் இம்முறை சொல்வது உண்மை."

பழுப்பு உறை

பழைய பெர்மி முடிய ஆறு நாள் இருக்கும்போது குடிவரவு அலுவலகத்தின் பதில் வந்தது. பொன்மணி உறையை உடைக்காமல் யோகன் கடைக்குக் கொண்டுவந்து, என் முன்னால் வைத்துவிட்டு, அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்து ஒரு தரம் வாசித்தேன், பிறகு இன்னொரு தரம். ஒரு வருடம், பிறகு நீட்டிக்கலாம். "கிடைச்சிட்டுது பிள்ளை," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடிதத்தை மெதுவாக என் கையிலிருந்து எடுத்து, கல்லாவில் இருந்த யோகனிடம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க ஒரு தடவை படிச்சிருங்க."

இந்த மேசையில் இருந்து நான் சொன்ன ஒரே உண்மைக் கதை இதுதான். கடைக்கு வருகிறவர்கள் காட்டுப்பன்றியைக்கூட நம்பிவிட்டார்கள், இதைத்தான் ஒருவரும் நம்புவதாக இல்லை.