பெரட்டுக்கு வராத செயற்கைக்கோள்

செயற்கைக்கோள் தொழிலில் முக்கால்வாசி காத்திருப்பது. மீதிக் கால்வாசி, எதற்குக் காத்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவது. பஸ்ஸுக்கோ பதவி உயர்வுக்கோ காத்திருந்து நொந்த உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் சொல்கிறேன்.

மேல் டிவிஷன்

வானத்தை மலை மறைக்காத இடம் வேண்டுமென்று தேடி, கடைசியில் இலங்கை மலைநாட்டில் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரட்டுக்களத்தில் அன்டெனாவை நட்டோம். காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற அதே களம்தான். ஓரத்துக் கொட்டகையில் கம்ப்யூட்டரும் நானும்.

கொழுந்து பறிக்கும் செபமாலை அக்கா முதல் நாளே விசாரிக்க வந்தார். நமக்கு மேலே வெகு உயரத்தில் காற்று மெலிந்துபோய் இருக்கிறது, ஆள் நடமாட்டமே இல்லாத அந்த மேல் வளிமண்டலத்தை ஆராயத்தான் செயற்கைக்கோள் விடுகிறோம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோட்டத்தை மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று பிரித்திருக்கும் கணக்கிலேயே சொன்னார்:

“மேல் டிவிஷன்னு சொல்லுங்க. ஆளே போகலன்னா புல்லு மண்டிக் கெடக்குமே மிஸ்.”

ஒரு ராத்தல் பாண்

எங்கள் கோள் ஒரு ராத்தல் பாண், அதாவது ஒரு முழு ரொட்டி அளவுதான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வெளிநாட்டு ராக்கெட் ஒன்றில் ஓரமாக இடம் கிடைத்தது. அது கிளம்பியதை என் போனில் களமே கூடி நின்று பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருட உழைப்பு, சும்மாவா? பேர் கூப்பிடும் முத்தையா கங்காணிக்கும் முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் காரணம் வேறு.

“அவ்வளவு பெரிய ராக்கெட்டுல வெறும் பாணை மட்டுமா அனுப்புனீங்க? கொஞ்சம் பருப்பாவது வச்சிருக்கலாமே மிஸ்.”

கம்பளி

கோள் தினமும் காலைப் பெரட்டு நேரத்தில் எங்களைக் கடக்கும்; அன்டெனா தலையைத் திருப்பித் திருப்பி அதைத் தேடும். அப்போது அது ‘இருக்கிறேன்’ என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஒன்பது நாளாக மூச்சுப் பேச்சில்லை. பத்தாவது நாளும் கேட்காவிட்டால் அன்டெனாவைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதாகக் கொழும்பிலிருந்து எங்கள் திட்டத்தை நடத்தும் பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்டெனா போனால் என் வேலையும் போகும்.

ஒன்பதாம் நாள், மனசு கேட்காமல், கோள் கடக்கும் நேரத்தின் பாதியிலேயே கொட்டகையை விட்டு வெளியே வந்து பார்த்தேன். மூடுபனிக்குள் என் அன்டெனா, ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன் கனத்தில் வானத்தைப் பார்க்காமல் தலை சாய்ந்து நின்றது. தினமும் நான் அன்டெனாவைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனதும் செபமாலை அக்கா கம்பளியைக் காயப்போடுவாராம். பெரட்டு முடிந்ததும் எடுத்துப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போய்விடுவாராம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“இந்தத் தோட்டத்துல வெயில தேடித் தேடித் திரும்புறது இது ஒண்ணுதான் மிஸ்.”

அரைப் பேர்

பத்தாம் நாள் கம்பளி அக்காவின் மேலேயே இருந்தது. பேராசிரியர் போனில் காத்திருந்தார். வெளியே கங்காணி பேர் கூப்பிட, உள்ளே கம்ப்யூட்டர் ஒருமுறை கீச்சிட்டது. திரையில் நான்கு எழுத்து ஓடியது. அவ்வளவுதான், மீதிச் செய்தி வருவதற்குள் கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. முழுச் செய்தி வந்தால்தான் கணக்கு என்று பேராசிரியர் இழுத்தார்.

எட்டிப் பார்த்த கங்காணி, “வந்துட்டுப் போயிருச்சில்ல? அரைப் பேர் போட்டுருங்க” என்றார். அதென்ன என்று போனில் பேராசிரியர் கேட்டார். கொழுந்து குறைந்த அன்றைக்கு அரை நாள் வேலையாகப் பதிவார்கள், ஆனால் ஆளை நிறுத்த மாட்டார்கள் என்று சொன்னேன். பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“சரி, நாளைக்கும் பெரட்டுக்கு வரச் சொல்லுங்க.”

இப்போது மேல் டிவிஷனில் கோள் தினமும் முழுப் பேர் வாங்குகிறது, கீழே என் வேலை தப்பித்தது, காயாமல் கிடப்பது அக்காவின் கம்பளி மட்டும்தான்.