பொங்காலை நாளில் கடைசித் தாள்

ஹால் டிக்கெட் வந்த அன்று, திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை எடுத்து, பரீட்சைத் தேதி வரைக்கும் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து என் மைத்துனி ஆண்டுதோறும் கொண்டுவந்து தரும் தமிழ்க் காலண்டர் அது. மாசி மாதம், பூர நட்சத்திரம். விடுமுறை இல்லை, விரதம் இல்லை, கரிநாளும் இல்லை. நிம்மதியாகக் காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது தேதியைச் சொன்னேன்.

"ஒரு தொந்தரவும் இல்லாத நாளாத்தான் போட்டிருக்கான்."

மருமகள்தான் முதலில் சிரித்தாள். "மாமா, அன்னைக்குப் பொங்காலையில்லா!"

"காலண்டர்ல ஒண்ணும் போடலியே?"

"நாகர்கோவில் காலண்டர்காரன் ஆற்றுக்கால் பொங்காலையை எதுக்குப் போடுதான்?" என்றாள் மனைவி. "நாப்பது வருசமா மணக்காட்டுல இருக்கிய. மாசிப் பூரத்துக்கு என்ன விசேஷம்னு தெரியாத ஆளு இந்தத் தெருவிலேயே நீங்க ஒருத்தர்தான்."

தெரியாமல் இல்லை. பொங்காலையை நான் தேதியாகவோ நட்சத்திரமாகவோ நினைவில் வைத்துக்கொண்டதில்லை; மனைவி செங்கல் கேட்கும் நாள் என்றுதான் வைத்திருந்தேன். மூன்று செங்கல், ஒரு மண்பானை, அடுப்பெரிக்க இரண்டு கட்டுக் கொதும்பு. அவள் கேட்டதும் வாங்கிவருவேன். சாலைக் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதும் அரிசி மண்டியில் ஒரு மலையாளக் காலண்டர் தொங்குகிறது. மறுநாள் அதைப் பார்த்தேன். அந்தத் தேதி சிவப்பில் இருந்தது.

அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பிறகு காலையில் மண்டி வேலை, மாலையில் பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடம், சனிக்கிழமை மேட்னி என்று என் வாரம் நிறைந்திருந்தது. மேட்னி நானும் மனைவியும் மட்டும். அவள் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். என்றாலும் தியேட்டரில் கணக்குப் பார்ப்பது நான்தான்: எத்தனை இருக்கை காலி, எத்தனை வாசல் திறந்திருக்கிறது, படம் முடிய எவ்வளவு நேரம். அவள் படத்தைப் பார்ப்பாள். வெளியே வந்து டீ குடிக்கும்போது சண்டை வரும். "உங்களுக்குப் படம் பாக்கவே தெரியல அத்தான்" என்று ஒருநாள் சொன்னாள். அந்த வாரமே அஞ்சல் வழியில் இதழியல் எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம், பரீட்சை மையம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரி. கடைசித் தாள் திரைப்படத் திறனாய்வு.

இரண்டு வருடப் படிப்பு அது. ஒரு பரீட்சையின்போது எனக்குக் கண்புரை அறுவை, இன்னொன்றின்போது மண்டியில் வருடக் கணக்கு முடிப்பு, மற்றொன்றின்போது மருமகளின் இரண்டாவது பிரசவம். தள்ளித் தள்ளிப் போய் அனுமதித்த காலத்தின் விளிம்புக்கு வந்திருந்தேன். இந்தத் தடவை இந்தத் தாளை எழுதாவிட்டால் பதிவு ரத்து. எழுதித் தேறிய ஒன்பது தாள்களும் அதோடு போகும்.

பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஏழாவது முயற்சியில் ஒருவர் எடுத்தார்.

"சார், அன்னைக்குத் திருவனந்தபுரத்துல பொங்காலை. ரோடெல்லாம் அடைச்சிருவாங்க."

"பொங்கலா? அது தையோட முடிஞ்சிருச்சே சார்."

"பொங்கல் இல்ல, பொங்காலை. ஊர் முழுக்கப் பொம்பளைங்க அம்மனுக்குப் பொங்க ரோட்டுல அடுப்பு வைப்பாங்க."

"எக்ஸாம் நாகர்கோவில்ல தானே சார்? அங்க ரோட்டுல யாரும் அடுப்பு வைக்கலையே?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

முந்தின நாளே போய்விடலாம்தான். ஆனால் பொங்காலைக்கு முந்தின நாள் சாலைக் கடைகளுக்குக் கல்யாண நாள் போல. பச்சரிசி மூட்டை மூட்டையாகப் போகும், முதலாளி என்னை விடமாட்டார். நாகர்கோவிலில் தங்குவதற்கு மனைவியின் தங்கைமார் மூன்று பேர் வீடும் இருந்தது. மூன்று பேருமே வீட்டைப் பூட்டிவிட்டுப் பொங்காலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். லாட்ஜில் எனக்கு உறக்கம் வராது.

இதெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்த பயம் வேறு. இரண்டு வருடம் முன்பு பொங்காலைப் புகையில் மனைவி மயங்கி அடுப்பின் பக்கம் சாய்ந்தாள். நான் பின்னால் நின்றிருந்ததால் பிடித்தேன். அப்புறம் அவளுக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. போன வருடம் முழுக்கக் குடையும் ஈரத் துண்டுமாக அவள் பின்னாலேயே நின்றேன். தங்கைமார் இருந்தாலும், அடுப்பு மூட்டியவர்கள் நிவேத்தியம் முடியாமல் எழுந்து போக மாட்டார்கள். மருமகளுக்கும் அடுப்பு உண்டு. மகன் பெங்களூரில்.

"இந்த வருசம் பொங்காலை போடாண்டாம்" என்றேன்.

"நீங்க பரீட்சை எழுதாண்டாம்" என்றாள்.

"இது கடைசிச் சான்ஸ்."

"எனக்கு மட்டும் எத்தனை சான்ஸ் இருக்குன்னு யாரு கண்டா?"

அதற்குப் பிறகு பொங்காலை வரைக்கும் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் பாடத்தை விரித்து உட்கார்ந்தால் அவள் மிக்ஸியைப் போடுவாள். அவள் பானையைத் தட்டிப் பார்த்தால் நான் எழுந்து மாடிக்குப் போவேன்.

அன்று காலை அவளுடைய செங்கற்களை வழக்கமான இடத்தில், தெரு முனையில் மருந்துக்கடைக்கு முன்னால், வைத்துக் கொடுத்தேன். குடையையும் தண்ணீர் பாட்டில் இரண்டையும் மருமகளிடம் கொடுத்து, மாத்திரை எந்த உறையில் இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன்.

"மாமா, நான் நோக்கிக்கிடுதேன். நிங்க போங்க" என்றாள் அவள். அவசரத்தில் அவளுக்குப் பாதி மலையாளமாகிவிடும்.

மனைவி பானைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "பேனா ரெண்டு எடுத்தியளா?" என்றாள்.

"நாலு."

மணக்காட்டிலிருந்து தம்பானூர் ஸ்டேஷனுக்குச் சாதாரணமாக அரை மணி நேர நடை. அன்று ரோடு முழுவதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆம்புலன்சுக்கு விட்ட ஒற்றைப் பட்டையில்தான் நடக்க வேண்டும். அங்கேயும் பாய் விரித்திருந்தார்கள். அட்டக்குளங்கரைக்கு முன்னால் ஒரு பெண் என் காலைக் காட்டி, "அப்பூப்பா, செருப்பு!" என்று சத்தம் போட்டாள். அடுப்பு வைத்த இடத்தில் செருப்போடு போகக்கூடாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் ஹால் டிக்கெட் உறை. பதற்றத்தைத் தணிக்க அடுப்புகளை எண்ணத் தொடங்கி, கிழக்கேகோட்டை வருவதற்குள் கணக்கு தவறிவிட்டது.

ஸ்டேஷனில் வரும் ரயில்களிலெல்லாம் இறங்குவதற்கு இடமில்லாமல் பெண்கள். நாகர்கோவில் வண்டியில் மட்டும் ஆளில்லை. என் பெட்டியில் என்னைச் சேர்த்து ஐந்து பேர். வண்டி கிளம்பும் நேரத்துக்கு ஒலிபெருக்கியில் குரவைச் சத்தம் கேட்டது. கோயிலில் தீ கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். முதலில் அங்கங்கே நூல் போலப் புகை. கரமனை ஆற்றுப் பாலம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் ஊரைக் காணவில்லை.

மருமகளுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. அத்தனை லட்சம் பேர் ஒரே இடத்தில் இருந்தால் போன் எப்படிக் கிடைக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் போட்டேன். பாடக் குறிப்பைத் திறந்து ஒரே பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரையில் வண்டி நுழையும்போது அவளே கூப்பிட்டாள்.

"மாமா, பயப்படாண்டாம். அத்தைக்குச் சின்னதா ஒரு தலைசுத்தல். வாலண்டியர் பிள்ளைங்க மருந்துக்கடைத் திண்டுல இருத்தி வெள்ளம் கொடுத்தாங்க. இப்பச் சரியாயிட்டு. டாக்டரும் நோக்கியாச்சு."

"அவகிட்ட குடு."

சிறிது நேரம் சத்தம். பிறகு மனைவியின் குரல், மூச்சு வாங்கியபடி. "இவ எதுக்குப் போன் போட்டான்னு தெரியல. எனக்கு ஒண்ணுமில்ல. நேரா போயி எழுதுங்க. இறங்கினியன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்."

வண்டி நின்றது. நான் இறங்கினேன்.

அதற்கான காரணத்தை இன்றுவரை என்னால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. அவள் மூச்சு வாங்கியதைக் கேட்டேன். கால்கள் இறங்கிவிட்டன. வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை பிளாட்பாரத்தில் நின்றேன்.

திரும்பி வந்த பஸ் கரமனைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டது. அங்கிருந்து புகைக்குள் நடந்தேன். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. தெரு முனைக்கு வந்தபோது அவள் தன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பானை பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. முகமெல்லாம் கரி. மூத்த தங்கை அவளுக்குப் பாளையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த உறையைப் பார்த்தாள்.

"மணி என்ன?"

சொன்னேன். மத்தியானப் பரீட்சை தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"எதுக்கு வந்திய?" என்றாள். "நான் வரச் சொன்னேனா? வராதியன்னு சொன்னேனா இல்லியா?"

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆகலியே. இனிமே ஊரு என்ன சொல்லும்? பெண்டாட்டி பொங்காலை போட்டா, புருசன் படிப்பு போச்சு. இந்தப் பழியைக் கொண்டாந்து என் தலையில வச்சிட்டியளே அத்தான்."

கடைசித் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தான் ஓடி வந்திருக்கு, நீ ஏசுதியே அக்கா?"

"நீ சும்மா கெட. உனக்குத் தெரியாது."

நிவேத்தியம் முடிந்தது. பாயசத்தை எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். அதன் பிறகு வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினாள். மாத்திரை, பால், கேஸ். சனிக்கிழமை மேட்னிக்கு வரவில்லை என்றாள். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். பொங்காலைக்கு முன்னால் நான் தூக்கிச் சுமந்த எரிச்சலை எல்லாம் இப்போது அவள் சுமந்துகொண்டிருந்தாள். நான் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் அது கூடியதே தவிரக் குறையவில்லை. "உனக்காகத்தானே" என்று ஒருதடவை சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாள்களையும் என் பேனாக்களையும் வைத்தாள். என்னோடு படித்த ஒருவரிடம் சொல்லி அந்தக் கேள்வித்தாளின் படத்தை மருமகள் வாங்கியிருந்தாள்.

"உக்காருங்க. மூணு மணி நேரம். எழுதுங்க."

"இப்ப எழுதி என்ன ஆவப்போகுது?"

"எனக்குத் தெரியணும்" என்றாள்.

என்ன தெரியணும் என்று அவள் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. நான் அன்று போயிருந்தாலும் தோற்றிருப்பேனா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தோற்றிருப்பேன் என்றால் அவளால் எதுவும் போகவில்லை.

பேனாவைத் திறந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மோசமாக எழுதினால் போதும், வீட்டில் மூச்சு விடலாம். ஆனால் முதல் கேள்வியே நான் படித்த கேள்வி. எழுத ஆரம்பித்ததும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் தடுமாறினேன், அது வேண்டுமென்றே இல்லை. ஐந்தும் எழுதி முடித்தபோது நேரம் பத்து நிமிடம் பாக்கி. பேரன் வந்து மேசையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தான், அவள் பார்வையிலேயே அவனை அனுப்பிவிட்டாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்தினாள். முப்பது வருடம் திருத்திய கை, ஒரு வரிகூட விடாது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்தப் படத்துல அந்தப் பொண்ணு சாகவேயில்ல. கூட்டத்துக்கு முன்னால ஸ்கூட்டரை எடுக்கணும்னு நீங்க எழுந்து போனிய. அதுக்கப்புறம் அவ பொழைச்சுக்கிட்டா" என்று அடித்தாள். ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் மதிப்பெண் போட்டாள். பதினொன்று, ஒன்பது, எட்டு, ஆறு, பத்து. கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, முப்பத்தெட்டு என்று எழுதி வட்டமிட்டாள்.

"நாப்பது வேணும் பாஸுக்கு. நீங்க போயிருந்தாலும் தேறியிருக்க மாட்டிய."

தாள்களை என் பக்கம் தள்ளினாள். நான் மேலிருந்து கீழே கூட்டினேன். பிறகு, அலுவலகத்தில் பழகியபடி, கீழிருந்து மேலே கூட்டினேன். இரண்டு தடவையும் நாற்பத்து நான்கு வந்தது. நான் கூட்டும்போது உதடு அசையும். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன். "ரெண்டு மார்க்ல போச்சு."