வலது பக்கம் காட்டிய கை

வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பரிசு, கழிப்பறைக்கு வழி காட்டியதற்காகக் கிடைத்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நடுவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமானத்தில் கம்பி கட்டும் வேலை. அம்மா கிழக்கேகோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கினாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இருவரும் பள்ளிக்கூடத்தை வெளியே இருந்து பார்த்ததோடு சரி. கரண்ட் பில், ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு என்று வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தெரியாது என்று எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்மாவின் தம்பியான என் மாமா, தம்பானூரில் ஒரு ஓட்டலில் லிஃப்ட் இயக்குபவர். அவருக்குத் தெரிந்த எழுத்து மொத்தமும் ஒன்று முதல் ஆறு வரையான எண்கள்தான். அந்த ஓட்டலில் ஆறு மாடி.

பள்ளியில் பாட்டு அறை அலமாரியின் மேல் ஒரு கிட்டார் கிடந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. பாட்டு டீச்சருக்கு வாய்ப்பாட்டும் சுருதிப் பெட்டியும் தவிர வேறொன்றும் தெரியாது. வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் சுருதிப் பெட்டியை எடுக்க என்னை அனுப்பினார்கள். நான் கிட்டாரையும் சேர்த்து இறக்கிவிட்டேன்.

"எடுத்தோ மோளே, பக்ஷே பொட்டிக்கல்லே" என்றார் டீச்சர் மலையாளத்தில். எடுத்துக்கொள், உடைத்துவிடாதே என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் கிட்டார் பாடம். கடைசிப் பாடமும் அதுவே.

மாமாவின் ஓட்டல் கூடத்தில் ஒருவர் கிட்டார் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரைப் படம் எடுத்துத் தரச் சொல்லி மாமாவை நச்சரித்தேன். ஒருநாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில், மாமா அவரிடம் கேட்டுக்கொண்டு, எதிரே இருந்த பூந்தொட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு லிஃப்டுக்குத் திரும்பிவிட்டார். நான்கு நிமிடப் படம். வாசிக்கிறவருக்குத் தலை இல்லை. இரண்டு கைகளும் கிட்டாரும் மட்டும். அதை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

மிகவும் மெதுவான பாட்டு. ஜாஸ் என்ற சொல்லெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஓட்டல் பாட்டு. கட்டை விரல் கீழ்க்குரலை நடத்திப் போகும். நடு விரல்கள் அதற்கு மேல் நிழல் போல நாலைந்து சுரங்களைச் சேர்த்து விரிக்கும். மெல்லிய கம்பியில் சுண்டு விரல் மெட்டைப் பாடும். எல்லாம் ஒரே ஆள், ஒரே நேரத்தில். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசிக்கொண்டே பீன்ஸ் நறுக்குவாள். காலால் தம்பியின் தொட்டிலை ஆட்டுவாள். கிட்டார் என்றால் அப்படித்தான் வாசிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மெட்டை ஒருவரும் பக்கவாத்தியத்தை இன்னொருவரும் வாசிப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பயந்து விட்டிருப்பேன்.

சாயங்காலம் படத்தில் ஒரு கீற்றைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வேன். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதைக் கம்பியில் தேடுவேன். மூன்று மாதம் ஆயிற்று. விரல் நுனிகள் காய்த்துப்போயின.

படத்தின் மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி ஒலிக்கும். உடனே வலது கை கம்பியை விட்டு எழும்பி, வலது பக்கம் நீண்டு, அப்படியே நிற்கும். இடது கை மட்டும் பிடியைத் தளர்த்தாது. வாசித்த சுரங்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். பிறகு வலது கை இறங்கி வந்து பாட்டைத் தொடரும். நடந்தது இதுதான்: லிஃப்ட் மணி அடித்தது, அதிலிருந்து இறங்கிய விருந்தினர் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார், வாசித்தவர் கையைக் காட்டினார். இது எனக்குத் தெரிய வர நான்கு வருடம் ஆயிற்று. அன்று அது பாட்டின் பகுதி. அந்த மணிச் சத்தத்தைக் கிட்டாரில் கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் பிடித்தது. வலது ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைச் சரிபாதியில் அழுத்தாமல் தொட்டு, அதே கையின் கட்டை விரலால் தட்டினால் அச்சு அசல் லிஃப்ட்.

"கை எதுக்கு?" என்று டீச்சர் ஒருமுறை கேட்டார்.

"பாட்டுல இருக்கு டீச்சர்."

"பாட்டில் உண்டோ? எங்கில் செய்யணும்." அப்படியென்றால் செய்துதான் ஆக வேண்டுமாம்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தின் பெரிய பள்ளி ஒன்று, சும்மா கிடக்கும் கிட்டாரைத் தங்களுக்குக் கொடுக்கும்படி கேட்டது. தலைமை ஆசிரியை பாதி சம்மதித்திருந்தார். டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார். பள்ளிகளுக்கு இடையிலான கலைவிழாவான கலோத்ஸவத்தில் இவள் வாசிக்கட்டும், ஏ கிரேடு வாங்கினால் கிட்டார் இங்கே, இல்லையென்றால் அங்கே என்று முடிவாயிற்று.

போட்டிக்கு முந்தைய வாரம் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். மணி அடித்து நான் கையை நீட்டியதும், மாமா அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"என்னல, புரையேறிட்டா?" என்று அம்மா தண்ணீரோடு பின்னால் போனாள்.

திரும்பி வந்த மாமாவின் முகம் சிவந்திருந்தது. "மருமவளே, எல்லாம் சரிதான். அந்தக் கைய மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லா நீட்டு. பாக்கவனுக்குத் தெரியாண்டாமா?"

நான் நன்றாக நீட்டிப் பழகினேன்.

போட்டி நடந்த பள்ளியில் எல்லோரிடமும் உறை போட்ட கிட்டார். என்னுடையதை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தோழியிடம், "இது கிட்டாரோ, உறங்குந்ந குஞ்ஞோ?" என்று கேட்டாள். தூங்கும் குழந்தையாம்.

"குழந்தைதான். இப்ப எழுப்புறேன், பாரு" என்றேன்.

அவர்கள் எல்லோரும் வேகமாக வாசித்தார்கள். விரல்கள் பறந்தன. கைதட்டல் விழுந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது மேடையில் நாற்காலி சரியாகக்கூடப் போடவில்லை. கடைசி வரிசையில் அரை நாள் லீவு போட்டு வந்த மாமாவும் டீச்சரும்.

முதல் சுரத்தை விட்டதும் கூடத்தில் பேச்சு நிற்கவில்லை. நான் வேகத்தைக் கூட்டவில்லை, கூட்டத் தெரியாது. மெட்டின் சுரம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கேட்க வேண்டும் என்று சுண்டு விரலை அழுத்தினேன். ஒரு வாக்கியம் முடிந்ததும் மூச்சு விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினேன், சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறவர்கள் செய்வது போல. கொஞ்சம் கொஞ்சமாக மின்விசிறியின் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பேச்சு நின்றுவிட்டது என்று அதில்தான் தெரிந்தது.

மணியை அடித்தேன். கையை நீட்டினேன். அந்தப் பக்கம் கூடத்தின் வாசல் இருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று திடீரென்று தோன்றிவிட்டது. இடது கையில் நாலு கம்பியும் இன்னும் உயிரோடு அதிர்ந்துகொண்டிருந்தன. போகிறதென்றால் போ என்று கிட்டாரிடம் சொல்கிற மாதிரி என் கை அங்கேயே நின்றது. படத்தில் உள்ளதைவிட அதிக நேரம் நின்றது. சத்தம் முழுக்கத் தேய்வதற்குச் சற்று முன்னால் கையை இறக்கி, அடுத்த சுரத்தைப் பிடித்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

முடிந்ததும் கைதட்டினார்கள், நிறுத்தச் சொல்லி மைக்கில் கேட்க வேண்டியிருந்தது.

அந்த நடுவர் என்னைக் கூப்பிட்டார். "நடுவுல கை காட்டினியே மோளே, அது என்ன?"

தெரியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லையே. "வழி காட்டுறது சார். போறவங்களுக்கு."

"போறவங்களுக்கு..." என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலிடம், ஏ கிரேடு. மைக்கில் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் இரண்டு முறை சொன்னார்கள். டீச்சர் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து, கிட்டார் எங்கும் போகாது என்று கூடமே கேட்கும்படி கத்தினார். கடைசி வரிசையில் மாமா துண்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கிட்டாருக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தோம். மாமா இன்னும் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். நடு நடுவே அவரிடமிருந்து ஒரு மாதிரி சத்தம் வேறு வந்தது. பாவம், சங்கீதம் தெரியாத மனிதர், என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது என்று நினைத்து, நான் பொறுமையாக விளக்கினேன்.

"மாமா, அது சும்மா கை இல்ல. போறவங்களுக்கு வழி காட்டுறது. அதான் எல்லாரும் அழுதாங்க."

மாமா முகத்தைச் சிரமப்பட்டு நேராக்கிக்கொண்டார். "ஆமா மருமவளே. அவசரமாப் போறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவசரம். மூன்று மாதம் வாசித்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. போகிறவருக்கு அவசரம், வழி காட்டுகிறவருக்கு அவசரமில்லை. அதனால்தான் பாட்டு அவ்வளவு மெதுவாக இருக்கிறது. நடுவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று கிழக்கேகோட்டை வரும்வரை எனக்கு ஒரே வருத்தம்.