வாசகசாலைச் சுவரில் ஒருத்தி

தென்காசி வாசகசாலையின் செயலாளரை எனக்குப் பிடிக்காது. ஆள் செத்து இத்தனை வருடம் ஆன பிறகும் பிடிக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர். புத்தகத்தைத் திறந்து பார்க்க மாட்டார், துணியைப் பார்ப்பதுபோல அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

நான் ஓவியன். அப்போது எந்த நாடகக் கம்பெனியிலும் திரை எழுதச் சேராமல் தனியாகப் படம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். வாசகசாலை வராந்தாவின் நீளச் சுவரில், ஊரே குற்றால அருவியில் குளிப்பதுபோல ஒரு படம் வேண்டும், முகங்கள் ஊர்க்காரர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று கமிட்டி கேட்டது. ஒவ்வொருவராக வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். வக்கீல் தொந்தியைக் குறைக்கச் சொன்னார். மிளகாய் வியாபாரி தன் பங்காளிக்குப் பக்கத்தில் நிற்கவே மாட்டேன் என்றார். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். கடைசியில் அருவியின் ஓரம் ஓர் ஆள் நிற்க இடம் மிஞ்சியது. தினமும் வாசகசாலையைப் பெருக்கும் பெண்ணை அங்கே நிறுத்தினேன். எல்லார் தலையிலும் விழும் அதே தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். மற்றவர்களைப்போல அவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. பார்த்த முகம்தானே என்று எழுதிவிட்டேன்.

செயலாளர் வந்து பார்த்தார். "என்னவே இது? பெருக்குதவ நம்ம வீட்டுப் பொம்பளைங்களோட சேந்து குளிக்கா. அழிச்சிரும்வே."

"அருவித் தண்ணிக்கு ஆளு தெரியுமா அண்ணாச்சி?" என்றேன்.

"தண்ணிக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்லா. சுண்ணாம்ப அடியும்."

அவள்மேல் மட்டும் அடித்தேன். ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? தண்ணீராகக் கரைத்து ஒரே ஒரு பூச்சு. அப்படிப் பூசிய சுண்ணாம்பு காய்ந்திருக்கும்போது மறைக்கும், நனைந்தால் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பங்குனி வெயிலில் கமிட்டிக்காரர்கள் வந்து அவள் நின்ற இடம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். ஆனிச் சாரல் வரட்டும் படுபாவிகளா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனியில், சீசனுக்கு வந்த பெரிய மனிதர்களுக்காகக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் படக் கண்காட்சி வைத்தார்கள். என் படங்களையும் மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று அதே பெண்தான், குனிந்த முதுகும் கையில் விளக்குமாறுமாக. செயலாளர் சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து அதன் முன்னால் நின்றார். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரரிடம், "என்ன உயிரோட்டம் பாத்தீயளா? இவ எங்க வாசகசாலையில பெருக்குதவதான்" என்று பெருமையடித்துக்கொண்டார். குனிந்து பெருக்கினால் கலையாம், நிமிர்ந்து குளித்தால் தீட்டாம். படத்தைக் கழற்றி அந்த ஆள் தலையில் போட்டிருக்க வேண்டும். போடாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

கண்காட்சி முடிந்து திரும்பியபோது நான் நினைத்தது நடந்திருந்தது. சாரல் வராந்தாவுக்குள் அடித்துச் சுவர் ஊறிப்போய், அவள் முழுசாக வெளியே வந்து நின்றாள். ஊரே வேடிக்கை பார்த்ததாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்தேன்.

மறுநாள் காலையில் அவள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ ஐயா. நான்தான் ஈரத்துணியால தேச்சு சுண்ணாம்ப எடுத்தேன்னு சொல்லுதாவ."

"என் வேலை அது. நான் வந்து சொல்லுதேன்."

"நீங்க சொன்னா உங்கள ஏசுவாவ, அவ்வளவுதான். சுவத்துல அது இல்லாமப் போனாத்தான் எனக்கு வேலையாம்." பிறகு நேராகவே கேட்டாள். "படத்துல நிக்கதுக்கு நான் கேட்டனா ஐயா?"

செயலாளர்மேல் இருந்த கோபத்தில் இவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை.

கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். செயலாளர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். செங்கல் தெரியும்வரை சுரண்டினேன். நெற்றியும் மூடிய கண்ணும் காரையோடு பெயர்ந்து தரையில் விழுந்தன.

"சரி, நாளையிலருந்து வா" என்றார் அவளிடம்.

நாளைவரை அவள் காத்திருக்கவில்லை. மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, உதிர்ந்ததையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டுபோய்த் தெருவோரம் கொட்டினாள்.